தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு: ஜான் டென்வரின் கதை



‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கல்லூரி நாட்களில் கிதார் வைத்துக்கொண்டு பாடியவர்களும் நம் பிளாக்குகளில் இருக்கக்கூடும். அதைப் பாடிப் புகழ்பெற்ற ஜான் டென்வரின் வாழ்க்கை ஒரு சின்ன வால்வில் முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா?

1943 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ராஸ்வெல் நகரில் பிறந்தார். இயற்பெயர் ஹென்றி ஜான் டாய்ச்சென்டார்ஃப். தந்தை விமானப்படை அதிகாரி. வேக சாதனைகள் படைத்த விமானி. அடிக்கடி இடமாற்றம். ஊர் மாறி, பள்ளி மாறி, நண்பர்கள் நிலைக்காத சிறுவனுக்குப் பாட்டி ஒரு பழைய கிதாரைக் கொடுத்தார். அதுதான் துணை. பள்ளிப் பருவத்திலேயே ஒருமுறை அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு, பாடகனாகப் போகிறேன் என்று கலிபோர்னியாவுக்கு ஓடினார். அப்பா விமானத்தில் போய் அழைத்து வந்தார்.

பிறகு வளர்ச்சிதான். 1966-ல் அவர் எழுதிய ‘லீவிங் ஆன் எ ஜெட் பிளேன்’ 1969-ல் வேறொரு குழுவின் குரலில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ‘கன்ட்ரி ரோட்ஸ்’ 1971-ல் வந்தது. பெரியவரான பிறகு தந்தையிடமே விமானம் ஓட்டக் கற்றார். விலகியிருந்த இருவரும் அதனால்தான் நெருங்கினார்கள். மொத்தம் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஆகவே, கற்றுக்குட்டியின் விபத்து என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

1997-ல் அவர் லாங்-ஈஸி என்ற குட்டி விமானத்தை வாங்கினார். பர்ட் ரூட்டன் வரைந்த வரைபடத்தை வாங்கி, ஆர்வலர்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் வகை அது. டென்வர் வாங்கியதை வேறொருவர் கட்டியிருந்தார்.

இதன் எரிபொருள் குழாய் அமைப்பு எளிமையானது. இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு டேங்க், வலதில் ஒன்று. நடுவில் ஒரு வால்வு. இடது, வலது, மூடு என மூன்று நிலைகள். ஒரு டேங்க் காலியானால் விமானிதான் கையால் மற்றதற்கு மாற்ற வேண்டும். பழைய பைக்கில் வண்டி இழுக்கும்போது குனிந்து ‘ரிசர்வ்’ போட்டது நினைவிருக்கிறதா? அதேதான். ஆனால் பைக்கை ஓரமாக நிறுத்தலாம்.

ரூட்டனின் வரைபடத்தில் அந்த வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே, கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. கட்டியவருக்கு விமானி உட்காரும் அறைக்குள் பெட்ரோல் குழாய் வருவதில் பயம். நியாயமான பயம்தான். அதனால் வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்று எழுதவில்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடியும் முதுகுக்குப் பின்னால்தான். அதிலும் அளவுக் குறிகள் இல்லை.

அக்டோபர் 12 அன்று மான்டெரே விமான நிலையத்தில் டென்வரும் ஒரு மெக்கானிக்கும் இந்தக் குறையைப் பற்றிப் பேசினார்கள். கைப்பிடியை நீட்டிக்க ஒரு பிளையரை மாட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பின்னால் உள்ள அளவைப் பார்க்க மெக்கானிக் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தார். பெட்ரோல் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, சுமார் ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். அந்த விமானத்தில் அவருக்குப் பழக்கமும் குறைவு.

மாலை ஐந்தரை மணிக்குச் சற்று முன், சில நூறு அடி உயரத்தில் எஞ்சின் சத்தம் குறைந்ததைக் கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அடுத்து விமானம் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53.

விசாரணை அதிகாரிகள் அதேபோன்ற அமைப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். வால்வைத் தொட, கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து கையை எடுத்து, தோள் பட்டையைத் தளர்த்தி, உடம்பை இடப்பக்கம் முழுதாகத் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்திவிடுகிறது. விமானம் கட்டுப்பாட்டை இழக்க அது போதும். 1999-ல் வந்த அறிக்கை இதையும், பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பியதையும் காரணங்களாகச் சொன்னது. வால்வு இருந்த இடத்தையும், எழுதாமல் விட்டதையும், போதிய பயிற்சி இல்லாததையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது.

யோசித்துப் பாருங்கள். இதில் எதுவும் ரகசியமல்ல. குறை தெரிந்திருந்தது. பிளையர், கண்ணாடி என்று சமாளிக்கப் பார்த்தார்களே தவிர, வால்வை இடம் மாற்றும்வரை பறக்க வேண்டாம் என்று யாரும் நிறுத்தவில்லை. கட்டியவருக்கு மனப்பாடமான வால்வு, வாங்கியவருக்குப் புதிர்.

நாமும் பிறர் கட்டிய வீட்டில்தான் குடியிருக்கிறோம். உங்கள் வீட்டுத் தண்ணீர் மெயின் வால்வு எங்கே? அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறதா? கேஸ் ரெகுலேட்டரை உங்கள் பிள்ளைகளுக்கு மூடத் தெரியுமா? இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கிக் கை எட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் நிதானமாக டென்வரின் பாட்டைப் போட்டுக் கேளுங்கள்.