திருப்பிப் போட்ட கியர்பாக்ஸ்: ஜான் கூப்பரின் கதை

மினி கூப்பர் காரைத் தெரியாத ஆள் நம்ம காலேஜில் இருக்க வாய்ப்பே இல்லை. சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, பார்த்தாலே ஆசை வரும். அந்தப் பெயரில் 'மினி' எதுக்குன்னு காரைப் பார்த்தாலே புரியும். 'கூப்பர்' யாருன்னு கேட்டா மெக்கானிக்கல் ஃபைனல் இயர் ஆளுங்களே கொஞ்சம் முழிப்பாங்க.

கூப்பர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜான் நியூட்டன் கூப்பர். இன்றைக்கு ஃபார்முலா ஒன் காரில் இன்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த மாற்றம் நிலைத்துப் போனதற்குக் காரணமானவர். அதைச் சாதிக்க அவர் கையில் இருந்தவை ஒரு தீயணைப்பு பம்ப் இன்ஜினின் வாரிசும், பிரான்ஸ் நாட்டுக் குடும்பக் கார் ஒன்றின் கியர்பாக்ஸும்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அவற்றை ஒட்ட வைத்த கதைதான் இது.

ஜான் பிறந்தது 1923 ஜூலை 17. ஊர் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள சர்பிட்டன். அப்பா சார்லஸ் கூப்பர் அங்கே ஒரு கராஜ் வைத்திருந்தார். ரேஸ் டிரைவர் கே டானின் வண்டிகளைப் பராமரித்த கை அது. மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஆஸ்டின் செவன் பாகங்களை வைத்து அப்பாவே ஒரு குட்டிக் கார் செய்து கொடுத்தார். ஜான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு டூல்மேக்கர் அப்ரென்டிஸாகச் சேர்ந்தார். டிகிரி எதுவும் கிடையாது. படித்ததெல்லாம் லேத்திலும் பென்ச் வைஸிலும்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன், இரும்புக்குத் தட்டுப்பாடு, யாரிடமும் காசு இல்லை. அப்போது 500 சிசி மோட்டார்சைக்கிள் இன்ஜினை வைத்துச் சின்ன ரேஸ் கார் செய்யலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1946-ல் ஜானும் நண்பர் எரிக் பிராண்டனும் இதில் குதித்தார்கள். ஃபியட் டோப்போலினோ என்ற குட்டிக் காரின் முன்பக்க சஸ்பென்ஷனை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பக்கமும் மாட்டினார்கள். இன்ஜின் ஜே.ஏ.பி. கம்பெனியின் ஸ்பீட்வே பைக் இன்ஜின். பைக் இன்ஜின் என்றால் பின் சக்கரத்துக்குச் செயின் போக வேண்டும். முன்னால் வைத்தால் டிரைவரைத் தாண்டிச் செயின் போட முடியுமா? அதனால் இன்ஜின் பின்னால் போனது. பெரிய தியரி எதுவும் இல்லை, செயின் சின்னதாக இருந்தால் வேலை சுலபம், அவ்வளவுதான்.

பின் இன்ஜின் ரேஸ் கார் அதற்கு முன்பே உண்டு. 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கார்கள் அப்படித்தான் இருந்தன. ஆனால் அவை அரசாங்கப் பணத்தில் வளர்ந்த ராட்சதர்கள், போரோடு போய்விட்டன. கூப்பரின் 500 சிசி கார் அப்படி இல்லை, காசு சேர்த்தால் யாரும் வாங்கலாம். 1948-ல் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் அப்படி ஒன்றை வாங்கினான். அவன் பெயர் ஸ்டிர்லிங் மாஸ். கூப்பர் கராஜ் இந்தக் கார்களை நூற்றுக்கணக்கில் விற்றது.

இதற்கிடையே 1952-ல் கூப்பர்கள் பிரிஸ்டல் இன்ஜினை முன்னால் வைத்தும் கார் செய்தார்கள், அதுவும் நன்றாகவே ஓடியது. பின் இன்ஜின்தான் வேதம் என்றெல்லாம் அவர்கள் நினைக்கவில்லை. கையில் எந்தப் பாகம் இருக்கிறதோ, அதற்கு எது வசதியோ, அதைச் செய்தார்கள்.

1955-ல் ஒரு நல்ல பாகம் கைக்கு வந்தது. கோவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி தீயணைப்புப் படைக்காக எடை குறைந்த பம்ப் இன்ஜின் ஒன்று செய்திருந்தது. இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பம்ப் அது, அதனால் அலுமினியம். அதைக் காருக்காக மாற்றிய 1098 சிசி வடிவம்தான் எஃப்.டபிள்யூ.ஏ. இதை டிரைவருக்குப் பின்னால் வைத்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய ஜான் முடிவு செய்தார். இப்போது செயின் கதை நடக்காது. இன்ஜின் பெரிது, கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும். நாம் இன்றைக்கு டிரான்ஸ்ஆக்ஸில் என்கிறோமே, அதுதான் தேவை. அன்றைய பிரிட்டிஷ் கார்களில் இன்ஜின் முன்னால், டிரைவ் பின்னால். கடையில் அப்படி ஒரு பெட்டி கிடைக்காது. புதிதாக டிசைன் பண்ணலாம் என்றால் அப்பா சார்லஸ் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஆள்.

கண்ணில் பட்டது சிட்ரோயன் டிராக்ஷன் அவாந். 1934-ல் வந்த முன்சக்கர டிரைவ் கார். பிரெஞ்சுக் கார்தான், ஆனால் இங்கிலாந்தில் ஸ்லவ் நகரிலும் அசெம்பிள் ஆனது. அதில் கியர்பாக்ஸ் காரின் மூக்கில் இருக்கும். அதற்குப் பின்னால் டிஃபரன்ஷியல், அதற்கும் பின்னால் இன்ஜின். இந்த வரிசையை அப்படியே 180 டிகிரி திருப்புங்கள். இன்ஜின், டிஃபரன்ஷியல், கடைசியில் கியர்பாக்ஸ். பின் இன்ஜின் காருக்கு வேண்டியது அதே வரிசைதான்! காரின் பின் அச்சு இருக்கும் இடத்தில் டிராக்ஷன் அவாந்தின் முன் அச்சு வந்து உட்கார்ந்துவிடும்.

கேட்க சுலபமாக இருக்கிறது. செய்யும்போது என்னென்ன வரும் என்று பார்ப்போம்.

முதலாவது, சுழலும் திசை. டிரான்ஸ்ஆக்ஸிலைத் திருப்பினால் சக்கரம் சுற்றும் திசையும் திரும்பும். இன்ஜின் எந்தப் பக்கம் சுற்றுகிறது, கிரௌன் வீல் பினியனுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எல்லாக் கியரிலும் வண்டி பின்னால் போகும், ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் போகும்! அப்படி ஆனால் கிரௌன் வீலை மறுபக்கம் மாற்ற வேண்டும், அல்லது பெட்டியையே தலைகீழாக்கி ஆயில் ஓட்டத்தைப் புதிதாக யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு. ஒரு கம்பெனி இன்ஜினின் போல்ட் ஓட்டைகள் இன்னொரு கம்பெனி கியர்பாக்ஸுக்குப் பொருந்தாது. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் அல்லது புது பெல் ஹவுசிங் வேண்டும். ஓட்டை போடுவது பெரிய விஷயம் இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். மயிரிழை விலகினாலும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். பைலட் பேரிங் முதலில் போகும், பிறகு சீல், பிறகு பெட்டியே போகும். கிளட்ச் டிஸ்க்கின் ஸ்ப்லைன் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும், அதன் விட்டம் இன்ஜினின் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும்.

மூன்றாவது, விகிதம். சிட்ரோயனில் மூன்று கியர்தான். குடும்பத்தோடு போகிற காருக்குப் போதும், ரேஸுக்குப் போதாது. நல்ல வேளை, எர்ஸா என்ற பிரெஞ்சு நிறுவனம் அதே பெட்டிக்குள் போடும் நான்கு கியர் செட் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. கூப்பர் அதை வாங்கிப் போட்டார்.

நான்காவதுதான் உயிர்ப் பிரச்சினை: பெட்டி தாங்குமா? 1.1 லிட்டர் இன்ஜினுக்குத் தாங்கியது. ஆனால் கிளைமாக்ஸ் அடுத்து எஃப்.பி.எஃப். இன்ஜினைக் கொண்டுவந்தது. 1957-ல் 1.5 லிட்டர், பிறகு 2 லிட்டருக்குப் பக்கம், 1959-ல் 2.5 லிட்டர், சுமார் 240 குதிரைத்திறன். சிட்ரோயன் கார் கொடுத்தது சுமார் 56. நான்கு மடங்குக்கும் மேல்! பதறாதீர்கள், பல்லை உடைப்பது டார்க். சிட்ரோயன் இன்ஜின் 4,000 ஆர்.பி.எம். அளவில் தன் உச்ச சக்தியைக் கொடுத்தது, கிளைமாக்ஸ் 6,500-க்கும் மேலே. கணக்குப் போட்டுப் பாருங்கள், டார்க் இரண்டு மடங்கு சொச்சம்தான் கூடியிருக்கும். அதோடு குடும்பக் கார் கியர்பாக்ஸ் பல வருடம் உழைக்க வேண்டும், ரேஸ் கியர்பாக்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டினால் போதும். இருந்தாலும் அது எல்லையை உரசிக்கொண்டுதான் ஓடியது. கூப்பர் அணியின் ஆஸ்திரேலிய டிரைவர் ஜாக் பிரபாம் நல்ல மெஷினிஸ்ட்டும்கூட. அவர் முனைப்பில் பெட்டியின் உறை இன்னும் வலுவாக வார்க்கப்பட்டது.

பலன் 1958 ஜனவரி 19-ல் தெரிந்தது. அர்ஜென்டினா கிராண்ட் பிரீ. பத்தே கார்கள். ராப் வாக்கர் என்ற தனிநபரின் சின்ன கூப்பரை ஓட்டியவர் ஸ்டிர்லிங் மாஸ், 2 லிட்டர்கூட இல்லாத இன்ஜின். எதிரே ஃபெராரிகள். டயர் மாற்றாமலே ரேஸை முடித்து 2.7 வினாடியில் ஜெயித்தார். உலக சாம்பியன்ஷிப்பில் பின் இன்ஜின் காரின் முதல் வெற்றி அது.

1959-ல் கதை இன்னும் சுவாரசியம். வாக்கர் அணி சிட்ரோயன் பெட்டியை நம்பாமல் கொலாட்டி என்ற இத்தாலியரின் கியர்பாக்ஸைப் போட்டது. ரேஸுக்கென்றே செய்தது, ஐந்து கியர், காகிதத்தில் பார்த்தால் சிட்ரோயன் பெட்டி பக்கத்தில்கூட நிற்க முடியாது. மாஸ் மொனாக்கோவில் முன்னிலையில் இருந்தபோது டிரான்ஸ்மிஷன் போனது. ஹாலந்திலும் முன்னிலை, அங்கேயும் போனது. கடைசி ரேஸ் டிசம்பர் 12, அமெரிக்காவின் செப்ரிங். பட்டம் பிரபாமுக்கா, மாஸுக்கா, ஃபெராரியின் டோனி புரூக்ஸுக்கா என்ற நிலை. மாஸ் முன்னால் பறந்தார், ஐந்து லேப்தான், கியர்பாக்ஸ் முடிந்தது. பிரபாமுக்குக் கடைசி லேப்பில் பெட்ரோல் தீர்ந்தது. இறங்கிக் காரைத் தள்ளிக்கொண்டே கோட்டைத் தாண்டி நான்காவதாக வந்தார். ஜெயித்தது கூப்பரின் இன்னொரு பையன், 22 வயது புரூஸ் மெக்லாரன். டிரைவர் பட்டம் பிரபாமுக்கு, கட்டமைப்பாளர் பட்டம் கூப்பருக்கு.

1960-ல் கூப்பரின் டிசைனர் ஓவன் மேடாக் சொந்தமாக ஐந்து கியர் பெட்டி செய்தார். கடன் வாங்கிய பெட்டி எங்கெங்கே வலித்தது என்று தெரிந்த பிறகு வரைந்தது அது. பிரபாம் தொடர்ந்து ஐந்து ரேஸ் ஜெயித்தார், இரண்டு பட்டமும் மறுபடி சர்பிட்டனுக்கே. முன் இன்ஜின் காரின் கடைசி கிராண்ட் பிரீ வெற்றியும் அதே வருடம்தான், மோன்சாவில் ஃபெராரி. பிறகு எல்லாரும் இன்ஜினைப் பின்னால் வைத்தார்கள்.

இதற்குப் பிறகு கூப்பர் கதை இறங்குமுகம். வழி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. லோட்டஸ் அதே வழியில் இன்னும் எடை குறைந்த காரோடு வந்தது. பிரபாம் 1961 முடிவில் விலகித் தனி அணி தொடங்கினார், பிறகு மெக்லாரனும் போனார். 1963-ல் இரட்டை இன்ஜின் பொருத்திய சோதனை மினியில் ஜான் விபத்துக்குள்ளாகிப் பலத்த காயமடைந்தார். அடுத்த வருடம் அப்பா இறந்தார். 1965-ல் ரேஸ் அணியை விற்றார்.

ஆனால் நடுவில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அவர் நண்பர். அந்தக் காரில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில், ஆயில் சம்ப்புக்குள்ளேயே இருக்கும். 848 சிசி இன்ஜினை 997 ஆக்கி, இரண்டு கார்புரேட்டர், முன்னால் டிஸ்க் பிரேக், நெருக்கமான கியர் விகிதம் என்று மாற்றி 1961-ல் வந்தது மினி கூப்பர். ஒரு காருக்கு இரண்டு பவுண்ட் ராயல்டி. 1964, 1965, 1967-ல் மான்டி கார்லோ ராலியை மினி கூப்பர் வென்றது. கூப்பர் கடைசிக் காலத்தில் சசெக்ஸ் பக்கம் கராஜ் நடத்திக்கொண்டு, 2000 டிசம்பர் 24-ல் காலமானார். அடுத்த வருடம் பி.எம்.டபிள்யூ. புது மினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூப்பர் பெயர் அதன் மேலும் இருந்தது.

பாஜா டீமில் இருக்கும் ஜூனியர்களுக்குக் கடைசியாக ஒன்று. பத்து ஹெச்.பி. இன்ஜினில் ஆட்டோ கியர்பாக்ஸை மாட்டும்போது நீங்கள் செய்வதும் இதே வேலைதான். அது மட்டமான வேலை என்று யாராவது சொன்னால் 1959 பட்டியலைக் காட்டுங்கள். ஆனால் அடாப்டர் பிளேட்டில் முதல் ஓட்டை போடுவதற்கு முன்னால் ஒரு டயல் கேஜை எடுத்து மையம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்ஜின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும்தான்!