ஆலைக்குள் புகுந்த தத்துவ அறிஞர்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, ஆண்டுக்கொரு நாள் விழாவெடுத்துக் கூடி மகிழும் நாம், வேற்றூரில் வாழும் தனிமையை ஓரளவு அறிவோம். ஆயினும், பிறந்த ஊரிலேயே, தன் மொழி பேசுவோர் நடுவிலேயே, தான் செய்யும் தொழிலுக்கு ஒருவன் அந்நியனாய்ப் போவதும் உண்டு. அந்நிலையைத் தம் உடலால் அறியத் துணிந்தவர் பிரெஞ்சு நாட்டுத் தத்துவ அறிஞர் சிமோன் வெய் அம்மையார்.

1909-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்த அவர், பெண்கள் பள்ளியில் தத்துவம் கற்பித்து வந்தார். தொழிலாளர் பொருட்டுப் புரட்சி பேசும் தலைவர்கள் ஆலைக்குள் அடிவைத்ததில்லையே என்னும் எண்ணம் அவரை உறுத்திற்று. விடுப்புப் பெற்று, 1934 டிசம்பரில் ஆல்ஸ்தோம் மின்பொறி ஆலையில் கூலியாகச் சேர்ந்தார். 1935 ஆகஸ்டில் ரெனோ மோட்டார் ஆலையை விட்டு வெளியேறும்வரை மூன்று ஆலைகளில் உழைத்தார். தீராத தலைவலி உடையவர், கைத்திறனும் குறைவு. உலையருகே கைகள் வெந்தன. துண்டுக்கு இத்தனை என்று கூலி; கை தாழ்ந்தால் கூலியும் தாழும்.

களைப்பைக் காட்டிலும் அவரைத் திகைக்க வைத்தது வேறொன்று. தாம் செய்யும் உறுப்பு எப்பொறியில் சென்று சேரும் என்பதைத் தொழிலாளர் அறியார். சிந்தித்தால் வேகம் குறையும். ஆதலின் சிந்தனையை வாயிலிலேயே விட்டு நுழைய வேண்டும். இத்தகைய ஒடுக்குமுறை தம்முள் எதிர்ப்பை மூட்டும் என்று அவர் நம்பியிருந்தார், விளைந்ததோ பணிவு. ஒரு நாள் பேருந்தில் ஏறியபோது, அடிமையாகிய தமக்கும் மற்றவர்போல் இதில் இடமுண்டா என வியந்தாராம். தத்துவம் பயின்ற உள்ளமே சில மாதங்களில் இவ்வாறு ஆயிற்றெனில், வாழ்நாள் முழுதும் அங்கே கழிப்போர் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

1936 ஜூனில் பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே தங்கி வேலைநிறுத்தம் செய்தனர். அம்மையார் ரெனோவுக்குச் சென்றார். பொறிகள் ஓய்ந்திருந்தன, பாட்டும் சிரிப்பும் கேட்டன. முன்பு ஒரே பொறியின்முன் கட்டுண்டு நின்றவர்கள் கூடமெங்கும் உலாவினர். கூலி உயர்வினும் இம்மகிழ்ச்சியே அவர் நெஞ்சில் நின்றதாகத் தோன்றுகிறது.

பின்னர் வடமொழி கற்றுக் கீதையைப் பயின்றார். பலனில் பற்றற்று வினை செய்வது வேறு, பலனைக் காணவே விடாமல் வினை வாங்குவது வேறு என்பதை அவரினும் நன்கறிந்தவர் அரியர்.

1943-இல் இலண்டனில், பிரெஞ்சு விடுதலை இயக்கத்தாரின் அலுவலகத்தில் பணியாற்றுகையில், மனிதர் வேரூன்றி வாழ்வது பற்றி ஒரு நூல் எழுதினார். பேராலைகள் ஒழிய வேண்டும். தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கு மணநாளில் வீடும் சிறிது நிலமும் பொறியும் அரசே வழங்க வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு திட்டம். கைகூடாக் கனவென்று நாம் புன்னகைக்கலாம். ஆயினும் அது உலையில் கை வெந்தவர் கண்ட கனவு. அவ்வாண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், தம் 34-ஆம் வயதில், காசநோயால் இங்கிலாந்தில் மறைந்தார். நூல் 1949-இல் வெளிவந்தது.