ஒரு டாலருக்குக் கைமாறிய மின்கத்தி: யார் இந்த போவி?

அமெரிக்க ஆபரேஷன் தியேட்டர்களில் டாக்டர் ‘போவி’ கேட்டால், நர்ஸ் நீட்டுவது பேனா போன்ற ஒரு மின்கத்தி. நம்மூரில் காட்டரி என்பார்கள். சதையை வெட்டும்போதே ரத்தக்கசிவையும் அடைத்துவிடும். போவி என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் சர்ஜனே கிடையாது!

வில்லியம் போவி 1882-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் தாவர உடலியங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், பிறகு அங்கேயே புற்றுநோய் ஆய்வுப் பிரிவில் கதிர்வீச்சு ஆராய்ச்சி செய்தார். உயர் அதிர்வெண் மின்சாரம் உடலில் பாய்ந்தாலும் ‘ஷாக்’ அடிக்காது, சூடு மட்டும் கிளம்பும் என்பது முன்பே தெரிந்த விஷயம். வெட்டுவதற்கு ஒரு வகை மின்னலை, ரத்தத்தை உறைய வைக்க இன்னொரு வகை என ஒரே பெட்டியில் இரண்டையும் அடக்கியதுதான் போவியின் சாமர்த்தியம்.

1926 அக்டோபர் 1. பாஸ்டனில் பிரபல மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், தலையில் கட்டி இருந்த ஒரு நோயாளிக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தினார். சில நாள் முன்புதான் ரத்தம் நிற்காமல் அந்த ஆபரேஷனைப் பாதியில் விட்டிருந்தார். இந்த முறை கட்டி வெளியே வந்தது. அதுவரை தொடவே பயந்த கட்டிகளையெல்லாம் குஷிங் அதன்பின் தைரியமாக எடுக்கத் தொடங்கினார்.

ஆபத்தும் கூடவே வந்தது. ஒருமுறை மின்சாரம் உலோகக் கருவி வழியாக குஷிங்கின் கையிலேயே ஏறிவிட்டது.

காரணம் எளிது. உடலுக்குள் போன மின்சாரம் திரும்ப வழி வேண்டும். அதற்காகத்தான் தொடையிலோ முதுகிலோ அகலமான பட்டை ஒட்டுகிறார்கள். அது சரியாக ஒட்டாமல் ஓரத்தில் மட்டும் தொட்டால், மின்சாரம் அங்கே குவிந்து தோலைச் சுட்டுவிடும்.

இன்று சிறு துளை வழியே நடக்கும் முதுகெலும்பு எண்டோஸ்கோப்பி ஆபரேஷனில் பெரும்பாலும் இருமுனைக் கருவிதான். மின்சாரம் நுனிக்குள்ளேயே போய்த் திரும்பிவிடுவதால் பட்டை தேவையில்லை. அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. உள்ளே ஓடும் உப்புநீர் சூடாகிறது. நீரோட்டம் தடைபட்டால், துளை வழியே வழியும் வெந்நீரே சுற்றியுள்ள தோலைப் பொசுக்கலாம். எரியும் விளக்குக் கேபிளின் நுனி துணிமேல் கிடந்தாலும் சுடும். அரிதான சிக்கல்தான். ஆனால் முழு மயக்கத்தில் இருப்பவரால் சுடுகிறது என்று சொல்ல முடியாதே. நீரோட்டம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று டீம்தான் கண் வைத்திருக்க வேண்டும்.

போவிக்கு என்ன கிடைத்தது? காப்புரிமையை ஒரு டாலருக்கு ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஹார்வர்டும் அவருக்கு நிரந்தர இடம் தரவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் போனார், அங்கும் நிலைக்காமல் மெய்ன் மாநிலத்தில் ஒதுங்கினார். 1958-ல் இறந்தபோது கையில் பெரிதாகப் பணம் இல்லை.