கை நடுக்கத்தை நிறுத்திய சீர்காழிக்காரர்



வங்கி கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். மாத முதல் வாரத்தில் பென்ஷன் வாங்க ஒரு வாத்தியார் வருவார். மாதிரிக் கையெழுத்து அட்டையில் அவர் கையெழுத்து பெரிதாக, அழகாக இருக்கும். படிவத்தில் போடுவதோ முதல் எழுத்து பெரிதாகத் தொடங்கி, போகப்போக எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துவிடும். ஒத்துப்போகவில்லை என்று இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மறுபடி போடச் சொன்னால் இன்னும் சிறிதாகும்.

எழுத்து இப்படிச் சுருங்குவது பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோயின் ஓர் அடையாளம். காமர்ஸ் படித்த எனக்கு அது அப்போது தெரியாது. ரிட்டயர் ஆன பிறகு தேடிப் படித்தபோது, திரும்பத் திரும்ப ஒரு பெயர் வந்தது: டாக்டர் பி. ராமமூர்த்தி. இந்த இதழில் அவருடைய கதையைச் சொல்கிறேன்.

பி. ராமமூர்த்தி என்றதும் நம் வயதினருக்குத் தொழிற்சங்கத் தலைவர்தான் நினைவுக்கு வருவார். இவர் வேறு. 1922 ஜனவரியில் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் நியூகாசிலில் ரோபாதம் என்ற நிபுணரிடம் மூளை அறுவை கற்றுக்கொண்டார். பிறகு கனடாவில் மான்ட்ரியலில், உலகப் புகழ்பெற்ற பென்ஃபீல்டிடமும் சில மாதங்கள் இருந்தார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் தொட்டு, எந்த இடம் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்தவர் பென்ஃபீல்டு. அந்தப் பாடம் பின்னாளில் சென்னையில் பயன்பட்டது.

1950 அக்டோபரில், சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவை ஆரம்பித்தார். வயது 28. நாட்டிலேயே அதற்கு ஒரு வருடம் முன்பு வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்ததுதான் முதல். 1951-ல் இந்த இருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்கள். நம் சேலத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்ததே 1986-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது. மண்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை எக்ஸ்ரேயையும் அனுபவத்தையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும். கட்டி என்று திறந்தால் பல பேருக்குக் காசநோய்க் கட்டியாக இருக்கும். மேல்நாட்டுப் புத்தகத்தில் அதற்கு அவ்வளவு இடமில்லை, இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது நடுக்குவாதத்துக்கு வருகிறேன். மூளையின் அடிப்பகுதியில் கருநிறமாக ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. அங்கிருக்கும் செல்கள்தான் டோபமின் என்ற ரசாயனத்தைத் தயாரித்து, அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு அனுப்புகின்றன. அந்தச் செல்களில் பெரும்பகுதி அழிந்த பிறகே நோய் வெளியே தெரிகிறது. பிரேக் பிடித்தபடி ஓடும் வண்டி மாதிரி உடம்பு ஆகிவிடும். கை நடுங்கும், நடை சுருங்கும், முகத்தில் பாவம் இருக்காது, எழுத்தும் சிறுத்துவிடும்.

1817-லேயே லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்துவிட்டார். ஆனால் காரணம் தெரிய 1950-கள் கடந்து போக வேண்டியிருந்தது. ஸ்வீடனில் கார்ல்சன் என்பவர், நம் சர்ப்பகந்தி மூலிகையிலிருந்து எடுத்த ரெசர்பின் மருந்தை விலங்குகளுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. எல்-டோபா என்ற பொருளைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின. 1960-ல் வியன்னாவில், நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை அளந்து காட்டினார்கள்.

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-லேயே வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். மேலே பட்டால் அரிப்பெடுக்கும் அதே பூனைக்காலிதான். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் விதையை அரைத்துக் குடிக்க வேண்டாம். அளவு தவறினால் வாந்தி, மயக்கம், மனக்குழப்பம் எல்லாம் வரும்.)

எல்-டோபா மாத்திரையாகப் பரவலானது 1960-களின் கடைசியில்தான். அதற்கு முன்பே சென்னையில் ராமமூர்த்தியும், பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர்களில் ஒருவரான கனகாவும் சேர்ந்து நடுக்கத்துக்கு அறுவை செய்தார்கள். நோயாளியின் தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். மூளையின் உள்ளறைகள் எக்ஸ்ரேயில் தெரியும்படி செய்து, வரைபடத்தில் ஊரைக் கண்டுபிடிப்பது போல நீளம், அகலம், ஆழம் மூன்றையும் கணக்கிடுவார்கள். சிறு துளை வழியாக ஊசி போன்ற கருவி தாலமஸ் என்ற பகுதிக்குப் போகும். நோயாளி விழித்திருப்பார். கையை நீட்டச் சொல்வார்கள். சரியான இடத்தைத் தொட்டதும் வருடக்கணக்காக ஆடிய கை அங்கேயே நின்றுவிடும். பிறகு அந்த இடத்தை மட்டும் அழிப்பார்கள். ஒரு சில மில்லிமீட்டர் தவறினால் பேச்சு போகலாம், ஒரு பக்கம் விழுந்துவிடலாம். நடுக்கமும் விறைப்பும் குறையும், ஆனால் நடையின் மந்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதே முறையை இந்தக் குழு கட்டுக்கடங்காத ஆவேசம் கொண்டவர்களுக்கும், அவர்களில் சிறுவர்களுக்கும்கூடச் செய்தது. போதைப் பழக்கத்துக்கும் செய்தது. வேறு மருந்தில்லாத குடும்பங்கள் கெஞ்சி வந்திருக்கும் என்பது புரிகிறது. இருந்தாலும் சம்மதம் சொல்ல முடியாத ஒருவரின் மூளையில் கைவைப்பது இன்று படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது. மருத்துவ உலகமும் அந்த வழியைப் பெரும்பாலும் விட்டுவிட்டது.

நடுக்கத்துக்கான அறுவை மட்டும் வேறு உருவில் திரும்பி வந்தது. இப்போது பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை. மின்முனையைப் பதித்து மெல்லிய மின்சாரம் கொடுக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு 1970-களிலேயே வழி காட்டியவர் கனகா.

ராமமூர்த்திக்கு 1973-ல் பத்மபூஷண் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பின் வீட்டில் உட்காரவில்லை. டாக்டர் சஞ்சீவி ஏழைகளுக்காக ஆரம்பித்த வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பு அறுவை மையத்தை எழுப்பினார். யோகா, தியானம், மூளைக்குள் உணர்வு எங்கே இருக்கிறது என்பதிலெல்லாம் ஈடுபாடு காட்டினார். சுயசரிதையும் எழுதினார், பெயர் ‘அப்ஹில் ஆல் தி வே’. வழி முழுக்க ஏற்றம்தான் என்கிறார். 2003 டிசம்பரில் காலமானார்.

அந்த வாத்தியார் ஒரு தீபாவளிக்கு முன்னால் மகனோடு வந்தார். மாத்திரை ஆரம்பித்துச் சில மாதம் ஆகியிருந்தது. பழைய அட்டையில் இருந்த அளவுக்கு இல்லை, ஆனால் கடைசி எழுத்து வரை படிக்க முடிந்தது. மேனேஜரிடம் சொல்லிப் புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கி, பழைய அட்டையோடு சேர்த்துக் கோர்த்து வைத்தேன்.