மழையோடு போன உரத்தை அளந்தவர்

இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் ஊரருகே ராத்தம்ஸ்டெட் பண்ணை இருக்கிறது. அதன் வாரிசாக 1814-ல் பிறந்தவர் ஜான் பென்னட் லாஸ். ஆக்ஸ்போர்டில் படிக்கப் போய், பட்டம் வாங்காமலே திரும்பினார். வீட்டின் நல்ல படுக்கையறை ஒன்று ரசாயனக் கூடமாயிற்று. அவருடைய தாயார் என்ன பாடுபட்டாரோ!

1842-ல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குப் பேடண்டு பெற்றார். பணம் குவிந்தது. மறு ஆண்டே கில்பர்ட் என்ற ரசாயன நிபுணரைச் சேர்த்துக்கொண்டு கோதுமை வயலில் சோதனை தொடங்கினார். தழைச்சத்து இட்டால்தான் விளைச்சல் கூடும் என்று கண்டார். காற்றிலிருந்தே அது போதிய அளவு கிடைக்கும் என்ற ஜெர்மானிய மேதை லீபிக்கோடு நெடுங்காலம் வாதம் நடந்தது.

சரி, இட்ட சத்தெல்லாம் பயிருக்குத்தான் போகிறதா? வயலுக்கு அடியிலிருந்த வடிகுழாய்களின் நீரைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. அதில் நைட்ரேட் உப்பு இருந்தது! லாஸ் அதோடு விடவில்லை. 1870-ல் 20, 40, 60 அங்குல ஆழமுள்ள மூன்று மண் பாளங்களைக் கலைக்காமல் சுவர் கட்டி அடைத்து, வடிந்த மழைநீரை அளந்தார். பயிரும் இல்லை, எருவும் இல்லை. அப்படியும் நைட்ரேட் வந்துகொண்டே இருந்தது.

எருவின் சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்குகின்றன. களிமண்கூட அதைப் பிடித்துவைப்பதில்லை; மழை கீழே இழுத்துப் போகிறது. கோழி எருவின் யூரிக் அமிலமும் அம்மோனியாவாகி, நைட்ரேட்டாகி, இதே வழியில்தான் நழுவுகிறது. வேர் உறிஞ்சாத வெற்று நிலத்தில், குளிர்கால மழைக்கு முன் இட்ட உரம் குடியானவன் சாக்கடையில் கொட்டிய காசுதான்.

உரம் விற்றவரே இந்தக் கணக்கையும் வெளியிட்டார்! 1872-ல் தொழிலை 3 லட்சம் பவுனுக்கு விற்றார். 1889-ல் சோதனைகளுக்கென 1 லட்சம் பவுன் எழுதிவைத்தார். 1900 ஆகஸ்டு 31-ல் காலமானார். மண் பாளங்களில் வடியும் நீரை அளப்பது அவருக்குப் பின்னும் நிற்கவில்லை.