மண்ணேடு படித்த மார்ட்டிமர் வீலர்

சிதம்பரத்திலிருந்து வடக்கே புறப்பட்டு, வெள்ளாற்றைக் கடந்து, கடலூரில் கெடிலத்தையும் தென்பெண்ணையையும் தாண்டிச் செல்வோர், புதுவை நகருக்குச் சற்று முன்பாக அரியாங்குப்பத்தை அடைவர். அங்கே ஆற்றங்கரையில் அமைந்துள்ள மேடு அரிக்கமேடு. சங்கப் பாடல்களில் நாம் காணும் யவன வணிகத்திற்கு மண்ணிலிருந்து காலச் சான்று தந்த இடம் அது. அச்சான்றை உலகம் ஏற்கும் முறையில் வெளிப்படுத்தியவர் தமிழரும் அல்லர். தமிழ் கற்றவரும் அல்லர். போர்க்களத்திலிருந்து நேரே இந்தியா வந்த ஒரு படைத்தலைவர். அவரே மார்ட்டிமர் வீலர்.

வீலர் 1890 செப்டம்பர் 10ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை இதழாளர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற வீலர், முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றார். போர் முடிந்ததும் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்திலும், 1926 முதல் இலண்டன் அருங்காட்சியகத்திலும் பொறுப்பேற்றார். அவருடைய மனைவி டெஸ்ஸாவும் சிறந்த அகழாய்வாளர். வெருலாமியம், மெய்டன் காசில் ஆகிய இடங்களில் கணவனும் மனைவியும் இணைந்து செய்த அகழாய்வுகள் இங்கிலாந்தின் தொல்லியலுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. 1936இல் டெஸ்ஸா மறைந்தார். அவ்விருவரும் கனவு கண்டு உழைத்த தொல்லியல் நிறுவனம் மறு ஆண்டு இலண்டனில் திறக்கப்பட்டபோது, அதைக் காண அவர் இல்லை.

அந்த ஒழுங்கு யாது? மண் அடுக்கடுக்காகப் படிகிறது. மனிதர் வாழ்ந்த தரை ஓர் அடுக்கு. எரிந்த கூரையின் சாம்பல் ஓர் அடுக்கு. வெள்ளம் கொணர்ந்த வண்டல் மற்றோர் அடுக்கு. கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. கேட்பதற்கு எளிய இவ்வுண்மை, தோண்டும்போது எளிதாக இருப்பதில்லை. பிற்காலத்தவர் ஒரு குழி வெட்டினால் பிற்காலப் பொருள் முற்காலப் பொருளுக்கும் கீழே சென்று கிடக்கும். ஆகவே ஆழத்தை மட்டும் அளந்து காலம் கூறுவோர் ஏமாறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிட் ரிவர்ஸ் என்னும் படைத்தலைவர் காட்டிய வழியை வீலர் வளர்த்தெடுத்தார். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கிடையே வரப்புப்போல் மண்ணைத் தோண்டாமல் விட்டார். அவ்வரப்பின் பக்கச் சுவரில் அடுக்குகள் நிறத்தாலும் தன்மையாலும் வேறுபட்டுத் தெரியும். ஒவ்வோர் அடுக்கிற்கும் எண்ணிட்டுச் சீட்டுக் குத்தி, சுவரின் வெட்டுத்தோற்றத்தை அளவு பிசகாமல் வரைவித்தார். கிடைத்த ஒவ்வொரு பொருளும் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று அப்போதே பதிவாயிற்று.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தோர் இதன் அருமையை உணர்வர். கட்டவிழ்ந்து சிதறிய ஏடுகளுள் ஒன்றை மட்டும் கையில் எடுத்தால் எழுத்து இருக்கும். முன்னும் பின்னும் இராது. அடுக்கின் பதிவின்றி எடுத்த மட்கலமும் அத்தகையதே. சுவடியையாவது மீண்டும் படிக்கலாம். ஒருமுறை தோண்டிய மண்ணை மீண்டும் தோண்ட இயலாது. அகழாய்வாளர் தாம் படிக்கும் ஏட்டைப் படிக்கும்போதே அழித்துவிடுகிறார்; எஞ்சுவது அவர் எழுதிவைத்த குறிப்பு மட்டுமே.

இரண்டாம் உலகப்போரில் வடஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் படை நடத்திய வீலர், 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி தொடங்கி, இந்திய மாணவர்க்கு மண்ணடுக்குகளைப் படிக்கக் கற்பித்தார். பிற்காலத்தில் இந்தியத் தொல்லியலை வழிநடத்திய பலர் அவரிடம் பயின்றவர்களே.

அதே ஆண்டில் சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிட வந்தவர், அங்கே ஒரு மட்கலத் துண்டைக் கண்டு திகைத்தார். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பிய ஆம்போரா என்னும் சாடியின் பகுதி. புதுவைப் பக்கம் கிடைத்தது என்றறிந்ததும் தாமதியாமல் புதுவைக்கு விரைந்தார். அங்கே அரிக்கமேட்டுப் பொருள்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அம்மேட்டின் சிறப்பை முன்னரே உணர்த்தியிருந்தார், தோண்டலும் நடந்திருந்தது. ஆயினும் அடுக்குகளின் பதிவு போதிய அளவில் இல்லை. அப்பொருள்களிடையே இத்தாலியின் அரெட்சோ நகரின் பெயரால் வழங்கும் செந்நிறப் பளபளப்பு மட்கலத் துண்டுகளை வீலர் கண்டார். அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கிலிருந்தவை என்பதை ஐரோப்பிய ஆய்வுகள் முன்பே நிறுவியிருந்தன.

புதுவை அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. உரிய இசைவு பெற்று, 1945இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். ஆற்றோரமாதலால் கீழடுக்குகளில் நீர் ஊறியது. அங்கும் பதிவு தளரவில்லை. ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள செங்கற் கட்டடம், துணிக்குச் சாயமிடப் பயன்பட்டவை என்று அவர் கருதிய தொட்டிகள், மணிகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியவை வெளிப்பட்டன. எல்லாவற்றினும் மேலாக, காலம் தெரிந்த இத்தாலிய மட்கலமும் காலம் தெரியாத நம் நாட்டு மட்கலங்களும் அடுக்கு முறையோடு தொடர்புற்றுக் கிடைத்தன. தென்னகத்தின் பழங்காலத்திற்கு அது நிலையான ஊன்றுகோலாயிற்று. அதே வகை உருளைக்கோட்டு மட்கலம் கிடைத்த பிற ஊர்களின் காலத்தையும் அதைக்கொண்டு மதிப்பிட முடிந்தது. 1947இல் கருநாடகத்துப் பிரம்மகிரியில் பெருங்கற்காலத்தின் கால எல்லையை அவர் வரையறுத்தது இவ்வழியில்தான்.

வீலர் பிழை செய்யாதவர் அல்லர். மொகஞ்சதாரோவின் மேலடுக்கில் கிடைத்தவை என்று கருதப்பட்ட எலும்புக்கூடுகளைக் கொண்டு, படையெடுத்து வந்த ஆரியர் அந்நகரத்தாரைக் கொன்றழித்தனர் என்று 1947இல் எழுதினார். அவ்வெலும்புகள் 1920களில் தோண்டப்பட்டவை. அங்கே பொருள்களின் ஆழம்தான் அளக்கப்பட்டது; மண்ணடுக்கு பதியப்படவில்லை. 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருந்த குறிப்புகளை ஆராய்ந்து, அவ்வெலும்புக்கூடுகள் யாவும் ஒரே காலத்தவை அல்ல என்று காட்டினார். அடுக்கை ஊருக்கெல்லாம் போதித்தவர், அடுக்கில்லாச் சான்றை நம்பித் தவறினார். அரிக்கமேட்டிலும் அவ்வாறே ஒரு திருத்தம் நேர்ந்தது. உரோமானிய வணிகத்தையொட்டியே அவ்வூர் சிறந்தது என்று அவர் எண்ணினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் நடத்திய அகழாய்வு, யவனர் வருமுன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததையும், வீலர் குறித்த காலத்திற்குப் பின்னரும் அவ்வூர் நீடித்ததையும் உணர்த்தியது. தமிழர் தாமே அமைத்த ஊருக்கு யவனர் வந்தனர் என்பதே தெளிவு.

இத்திருத்தத்திற்கு இடம் தந்ததும் வீலரின் பதிவே என்பது நினையத்தக்கது. தம் வரைபடங்களையும் அடுக்கு எண்களையும் 1946இலேயே அச்சேற்றி அனைவர் முன்னும் வைத்தார். அவர் முடிவை ஏற்காதவரும் அவர் பதிவைக் கொண்டே வாதிட முடிந்தது. தம்மைத் திருத்துவதற்கான கருவியையும் பின்வருவோர் கையில் கொடுத்துச் செல்பவரே மெய்யான ஆய்வாளர்.

வீலர் 1948இல் இந்தியப் பணியிலிருந்து விலகினார். 1952இல் சர் பட்டம் பெற்றார். தம் முறையை விளக்கும் நூலை 1954இல் வெளியிட்டார். தொலைக்காட்சி வாயிலாகத் தொல்லியலைப் பொதுமக்களிடம் கொண்டு சென்று பெரும்புகழ் எய்தினார். 1976 சூலை 22ஆம் நாள் மறைந்தார்.

கடலூர்க் காரைக்காட்டிலும், அண்மையில் 2024இல் பண்ணுருட்டியை அடுத்த மருங்கூரிலும் அகழ்குழிகள் திறக்கப்பட்டன. இப்பகுதியின் மண்ணடியில் இன்னும் படிக்கப்படாத ஏடுகள் பல உள. கிணறு வெட்டும்போதோ கடைகால் தோண்டும்போதோ பழைய ஓடொன்று வெளிப்படுமாயின், அதை விளையாட்டாக எடுத்து வராமல் இருந்த இடத்திலேயே விட்டு, அறிந்தவர்க்குச் சொல்வது தமிழன்பர் கடமை. அந்த ஓட்டின் சிறப்பில் பாதி அது கிடந்த மண்ணில் உள்ளது. வீலரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது அதுவே.