வெண்கலக் குரலோன் சீர்காழி கோவிந்தராஜன்: ஹீரோக்களின் நிரந்தரக் குரலாக இல்லாமலே உச்சம் தொட்டது எப்படி?

அசோக் நகர், வடபழனி, மயிலாப்பூர்... சென்னையில் எந்த ஏரியாவில் பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போட்டாலும், காலையில் ஸ்பீக்கரில் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே குரல்தான். கணீரென்று, தெருக்கோடி வரைக்கும் போய்ச் சேரும் அந்தக் குரல் சீர்காழி கோவிந்தராஜனுடையது. அவர் மறைந்து 35 வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

கர்நாடக இசைக் கச்சேரி, சினிமா பாட்டு, பக்திப் பாடல், நடிப்பு என நாலு பக்கமும் கால் பதித்தவர் அவர். ஆனால், அந்தக் காலத்துப் பெரிய ஹீரோக்கள் யாருக்கும் நிரந்தரக் குரலாக அவர் இருந்ததில்லை. அப்புறம் எப்படி இவ்வளவு பெரிய இடம் கிடைத்தது?

யார் இந்த கோவிந்தராஜன்?

1933 ஜனவரி 19-ம் தேதி சீர்காழியில் பிறந்தார். திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் அது. தமிழிசை மூவரில் இருவரான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் ஆகியோரோடும் தொடர்புடைய ஊர். தேவாரமும் தமிழ்க் கீர்த்தனையும் காதில் விழாமல் அங்கே வளர முடியாது.

சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனி அனுபவம் கிடைத்தது. அதற்குப் பிறகு சென்னை வந்து தமிழிசைக் கல்லூரியில் சேர்ந்து 1949-ல் இசைமணி பட்டம் வாங்கினார். அடுத்து, மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் படித்து 1951-ல் சங்கீத வித்வான் ஆனார். புல்லாங்குழல் மேதை திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளைதான் அவருடைய குரு.

தமிழிசை இயக்கம் ஏன் முக்கியம்?

1940-களில் கச்சேரி மேடைகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள்தான் அதிகம். தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாகத்தான் வரும். இதை மாற்றத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-ல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த இயக்கம் உருவாக்கிய கல்லூரியில் படித்து வந்த ஆரம்பகாலப் பிள்ளைகளில் ஒருவர் கோவிந்தராஜன்.

அதனால், தமிழில் பாடுவது அவருக்கு இரண்டாம்பட்ச விஷயமாகத் தெரியவில்லை. சொல் சிதையாமல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் காதில் விழுகிற மாதிரி பாடுவது கடைசி வரை அவருடைய அடையாளமாக இருந்தது.

உச்ச ஸ்தாயி: பலமா, பலவீனமா?

இதுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான கேள்வி. மைக் இல்லாத நாடக மேடைக் காலத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்றால் உச்சத்தில் பாடித்தான் ஆக வேண்டும். எஸ்.ஜி.கிட்டப்பா, எம்.கே.தியாகராஜ பாகவதர், டி.ஆர்.மகாலிங்கம் எல்லோரும் அப்படித்தான் பெயர் வாங்கினார்கள்.

ஆனால், கோவிந்தராஜன் சினிமாவுக்கு வந்த 1954-ல் நிலைமை மாறிவிட்டது. மைக் வந்த பிறகு மெதுவாகப் பாடினாலே போதும். ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ் போன்ற மென்குரல்களுக்கு வரவேற்பு கிடைத்தது. சிவாஜி, எம்.ஜி.ஆர் இருவருக்கும் டி.எம்.சௌந்தரராஜன் குரல் கச்சிதமாகப் பொருந்தியது. பழைய மேடைக்கான குரல், புது மைக் முன்னால் வந்து நின்றது. ஓரங்கட்டப்பட்டுப் போயிருக்க வேண்டியவர்தான்.

தொடக்கத்தில் ஹீரோ பாட்டும் கிடைக்காமல் இல்லை. சக்கரவர்த்தித் திருமகள் (1957) படத்தில் எம்.ஜி.ஆருக்கே அவர் பாடியிருக்கிறார். ஆனால், அது நிலைக்கவில்லை.

அப்புறம் என்ன நடந்தது?

ஹீரோ அல்லாதவர்களின் பாட்டெல்லாம் அவரிடம் வந்தது. கணக்கு போட்டுப் பாருங்கள். ரம்பையின் காதல் (1956) படத்தில், சுடுகாட்டில்தான் எல்லோரும் சமம் என்று சொல்கிற தத்துவப் பாட்டு. எங்க வீட்டு மகாலட்சுமி (1957) படத்தில், பட்டணம் போகலாம் என்று கணவன் ஆசை காட்டும் நகைச்சுவைப் பாட்டு. படிக்காத மேதை (1960) படத்தில், வீட்டை விட்டுப் போன ரங்கனை நினைத்து உருகும் பெரியவர் எஸ்.வி.ரங்காராவுக்கு பாரதியார் பாட்டு. அப்போது கோவிந்தராஜனுக்கு வயது 27தான்!

காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் வயசான வேஷம் போட்ட முத்துராமனுக்குப் பாடினார். அதே 1964-ல் வந்த கர்ணன் படத்தில், அம்பு பட்டுக் கிடக்கும் சிவாஜிக்கு முன்னால் கிருஷ்ணராக என்.டி.ராமராவ் வந்து நிற்பார். அந்த இடத்தில் ஒலிப்பது கோவிந்தராஜன் குரல்தான். படம் பார்த்த யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

ஏன் அந்தக் குரல்? அது பக்கத்து வீட்டு ஆள் பேசுகிற குரல் இல்லை. மேலே இருந்து யாரோ சொல்கிற மாதிரி இருக்கும். கடவுள், துறவி, முதியவர், அசரீரி என்றால் இசையமைப்பாளர்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான்.

திரைக்குள்ளும் வந்தார்

இயக்குநர் ஏ.பி.நாகராஜன் அவரை நடிக்கவும் வைத்தார். கந்தன் கருணை (1967) படத்தில் நக்கீரர். திருமலை தென்குமரி (1970) படத்திலும் நடித்தார். அகத்தியர் (1972) படத்தில் அவர்தான் அகத்தியர். ராவணனோடு நடக்கும் இசைப் போட்டியில், எதிரே ஆர்.எஸ்.மனோகருக்குக் குரல் கொடுத்தவர் டி.எம்.எஸ். சினிமாவில் முன்னணியில் இருந்த குரலும், இந்த வெண்கலக் குரலும் நேருக்கு நேர் மோதிய காட்சி அது.

கோயில் ஸ்பீக்கருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

சினிமா வாய்ப்பு கூடும், குறையும். பக்திப் பாடல் அப்படி இல்லை. விநாயகர், முருகன், அம்மன் பாடல்களும் அபிராமி அந்தாதியும் அவர் குரலில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. இதில் ஒரு டெக்னிக்கல் விஷயமும் இருக்கு. கோயிலில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரில் அடித்தொனி சரியாக வராது. நடுத்தொனியும் மேல்தொனியும்தான் தூரமாகப் போகும். சினிமாவில் பழசாகிப்போன உச்ச ஸ்தாயி, திருவிழாவில் பெரிய பலமாக மாறியது இப்படித்தான்.

கடைசி வருஷங்கள்

இதற்கிடையே கச்சேரி மேடையை அவர் கைவிடவே இல்லை. 1983-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1988 மார்ச் 24-ல், எம்.ஜி.ஆர் மறைந்து சரியாக மூன்று மாதம் கழித்து, 55 வயதில் காலமானார். அவருடைய மகன் சீர்காழி சிவசிதம்பரம் மருத்துவராக இருந்துகொண்டே பாடகராகவும் தொடர்கிறார். அவருக்கும் 2004-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

டிரெண்டுக்காகக் குரலைத் தாழ்த்திப் பாடியிருந்தால், கோவிந்தராஜனுக்கு இன்னும் சில ஹீரோ பாட்டுகள் கிடைத்திருக்கலாம். அவர் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் குரல் எங்கே தேவையோ, அந்த இடங்களுக்குப் போய்ப் பாடினார். ஹீரோக்களுக்காகப் பாடிய எத்தனையோ பாட்டுகள் மறந்து போன பிறகும் அவர் பாட்டுகள் நிற்பதற்கு அதுதான் காரணம்.